உடையாத கட்டை

பீட்டர்ஸ்பர்க், அலாஸ்கா
1994 ஜூன் 12

டோலஃப்,

உன் விலாசத்தைப் படகுத்துறை ஹில்டா கொடுத்தாள். உன் வலைகளை விற்கச் சொல்லி அவளுக்குத்தான் எழுதியிருந்தாயாம். சமாதானம் பேச இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீயாக எதையும் எண்ணிக்கொள்ளாதே.

எனக்கு ஒரு துப்பாக்கிக் கட்டை வேண்டும். உன் அண்ணன் எஸ்கிலின் ரைபிளுக்கு. அவன் அடக்கம் முடிந்த மறுநாள், நீ கப்பலேறுமுன், எண்ணெய்த் துணியில் சுற்றி என் வாசலில் வைத்துவிட்டுப் போனாயே, அதற்குத்தான். போன வாரம்தான் பிரித்துப் பார்த்தேன். குழலும் விசையும் துருப்பிடிக்காமல் இருக்கின்றன. கட்டைதான் கழுத்தில் முறிந்து, தோளில் பதியும் பின்பாதி இல்லாமல் இருக்கிறது.

போன குளிர்காலம் ஊரார் கொடுத்த இறைச்சியில் ஓடியது. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் பிரிட்டாவுக்கு ஒன்பது வயது, எல்லாம் புரிகிறது. தட்டை வைத்தால் "இது யார் வீட்டு மான்?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறாள். இந்த வருஷம் நானே போகிறேன். மீன் ஆலையில் என் பக்கத்தில் நின்று வெட்டும் குன்வோர் தன் படகில் கூட்டிப் போகிறேன் என்றாள். எனக்குச் சுடத் தெரியும். சொல்லிக் கொடுத்தவன் நீ, உனக்கே தெரியும்.

மரக்கட்டை வேண்டாம். நம் ஊர் மழையில் மரம் ஊறிப் பெருத்துக் குழலைத் தள்ளும், குறி தவறும் என்று நீ எத்தனை விருந்தில் பிரசங்கம் பண்ணியிருக்கிறாய். பிளாஸ்டிக், கண்ணாடி நார், இன்னும் என்னவோ என்று கடையில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை வேறு குட்டை. எஸ்கிலின் நீளம் எனக்கு ஆகாது.

எதை வாங்குவது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ரக்னா


பர்ன்ஸ், ஓரிகன்
ஜூன் 25

ரக்னா,

உன் கையெழுத்தைப் பாத்ததும் கவரைப் பிரிக்கத் தைரியம் வரலை. மத்தியானம் வரைக்கும் சட்டைப்பையிலயே கிடந்துது. நான் வேலை செய்யற டயர் கடை முதலாளி, "என்னடா, கோர்ட்டு சம்மனா?"ன்னான். "அதைவிடப் பெரிசு, அண்ணி"ன்னேன்.

ஒரு தாள்ல எழுதச் சொன்னே. முடியலை, மன்னிச்சுக்க. கட்டையைப் பத்தி யாராவது கேட்டா எனக்கு வாய் நிக்காது. அண்ணன் "டோலஃபுக்குக் கட்டையைப் பத்திப் பேச்சு எடுத்துக் குடுத்துட்டு நாம போய்த் தூங்கி எழுந்து வரலாம்"பான்.

அச்சுல ஊத்தின மலிவுப் பிளாஸ்டிக்கை மட்டும் தொடாதே. பாக்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கையில எடுத்து, முன்பக்கத்தைப் பக்கவாட்டுல அழுத்திப் பாரு. சோப்பு டப்பா மாதிரி வளையும். நீ பாறைமேல சாய்ச்சு வச்சுச் சுடறப்ப அது வளைஞ்சு குழலைத் தொட்டுச்சுன்னா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு ஊருக்குப் போகும். விரலால தட்டியும் பாரு. காலிப் பீப்பா மாதிரி சத்தம் வந்தா வேண்டாம். செடி உரசினாலே டங்குன்னு கேக்கும், மானுக்கென்ன காது இல்லையா?

கார்பன் நார்னு ஒண்ணு வந்திருக்கு, இறகு மாதிரி இருக்கும். கடைக்காரன் அதைத்தான் உன் தலையில கட்டப் பாப்பான். எடுத்துக்காதே. லேசான துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கும், ரெண்டு தடவை உதை வாங்கினா மூணாவது தடவை விசையைத் தொடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்குவே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு, பாத்திருக்கேன். அலுமினியச் சட்டம் உள்ளே வச்சது உறுதி, ஆனா கனம். கண்ணாடி நாரைக் கையால அடுக்கடுக்கா ஒட்டிச் செய்யறாங்களே, அதுதான் உனக்கு. நீளத்துக்கு, முழங்கையை மடக்கி, கட்டையோட அடியை முழங்கை மடிப்புல வச்சுக்க. விரல் நோகாம விசைக்கு எட்டணும். எட்டலைன்னா வெட்டித் தரச் சொல்லு. வெட்டினதுக்கு அப்புறம் மெத்துன்னு ரப்பர் அடி போடச் சொல்லு.

இதையெல்லாம் எழுதி முடிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ரக்னா, வேண்டாம். அந்த ரைபிளுக்குக் கட்டை போடாதே. வித்துடு. இல்லேன்னா ஜலசந்தி நடுவுல தூக்கிப் போட்டுடு. வேற ரைபிள் வாங்கிக்க, கட்டையோடயே வரும். நான் வாங்கி அனுப்பறேன்.

இங்க மழையே கிடையாது. மண்ணு வெடிச்சுக் கிடக்கு. வந்த முதல் வாரம் கூரையில சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரலை.

சின்னவன் ஓலே வளந்திருப்பான். என்னைக் கேக்கறானா?

டோலஃப்


பீட்டர்ஸ்பர்க்
ஜூலை 9

டோலஃப்,

ஓலேவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நீ சொன்னபடியே கடைக்குப் போய் ஒவ்வொரு கட்டையாக எடுத்து அழுத்திப் பார்த்தேன். ஹால்வர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ரக்னா, ரொட்டிக்கு மாவு பிசையறியா?" என்றார். "உங்க சரக்கு மாவாத்தானே இருக்கு" என்றேன். அப்புறம் விரலால் தட்ட ஆரம்பித்தேன். கடையில் இருந்த ஆண்பிள்ளைகள் நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஹால்வரே பின்னறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "உனக்கு யாரோ நல்லா ஓதியிருக்காங்க. இதைத் தட்டிப் பாரு" என்றார். தட்டினால் சத்தமே வரவில்லை. கண்ணாடி நார். சியாட்டிலிலிருந்து என் அளவுக்கு வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

அளவு சொல்ல வேண்டியிருந்தது. பழைய கட்டை எவ்வளவு நீளம், அதில் எவ்வளவு குறைக்கலாம் என்று. அதற்காகத்தான், மலையிலிருந்து அவனை இறக்கிக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் கொடுத்த பையைத் திறந்தேன். இத்தனை மாதமாகத் திறக்கவில்லை. துணி துவைக்கும் அறையில் மேல் தட்டில் இருந்தது. கைக்கடிகாரம், கத்தி, காய்ந்து விறைத்த தொப்பி. கட்டையின் பின்பாதி.

இரண்டு பாதியையும் சமையல் மேசையில் வைத்துச் சேர்த்தேன். முறிவு அப்படியே பொருந்தியது. அளந்தேன். எழுதிக்கொண்டேன். எடுத்து வைக்கப் போகும்போதுதான் பார்த்தேன்.

பின்பாதி முழுக்கச் சிராய்ப்பு. ஒரு மூலை பெயர்ந்து போயிருக்கிறது. பாறையில் மோதி மோதிப் போயிருக்கிறது, யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். முன்பாதியில் ஒரு கீறல் இல்லை. குழலில் இல்லை, அதன்மேல் மாட்டிய தொலைநோக்கியின் கண்ணாடியில்கூட இல்லை.

ஒரு பாதி விழுந்திருக்கிறது. மற்றப் பாதி விழவில்லை.

எஸ்கில் துப்பாக்கியோடு வழுக்கி விழுந்தான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அப்படிச் சொல்லவில்லைதான். "வழுக்கிட்டான்" என்று மட்டும் சொன்னாய். போலீஸ்காரரிடமும் அதே ஒரு வார்த்தை. அடக்கத்தன்று நார்வேக்காரர் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்து, "நீ மட்டும் எப்படித் திரும்பி வந்தே?" என்று கேட்டேன். அன்று கோபத்தில் கேட்டது. இன்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

இந்தப் பாதி உன் கைக்கு எப்படி வந்தது?

ரக்னா


பர்ன்ஸ்
ஜூலை 20

ரக்னா,

கோபத்துல கேட்டது எது, தெரிஞ்சுக்கக் கேட்டது எதுன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலை. நீ கேட்டே, மண்டபத்துல அத்தனை பேரும் காபிக் கோப்பையைக் கீழே வச்சாங்க. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. பாதிரியார்கூட என் முகத்தைத்தான் பாத்தாரு. பதில் சொல்வேன்னு.

கட்டை உடைஞ்சுது. அவ்வளவுதான். அது மரம். அத்தனை வருஷம் ஊறிக் காஞ்சு, ஊறிக் காஞ்சு, கழுத்துல மயிரிழை மாதிரி ஒரு கோடு விட்டிருந்துது. நான் பாத்தேன், அவனுக்கும் காட்டினேன். மூணு வருஷமாத் தலையால அடிச்சுக்கிட்டேன், "இதைக் கழட்டிட்டு நல்லதா ஒண்ணு போடுண்ணா"ன்னு. என்ன சொன்னான் தெரியுமா? "இது ரக்னா குடுத்தது. இதைக் கழட்டினா அவ என்னையும் கழட்டி ஆணியில மாட்டிடுவா." சொல்லிட்டுச் சிரிச்சான்.

போதுமா? தெரிஞ்சுக்கணும்னியே.

கண்ணாடி நாரே வாங்கிக்க. அது உடையாது.

டோலஃப்


பீட்டர்ஸ்பர்க்
ஆகஸ்ட் 3

டோலஃப்,

போதும்.

கட்டை வந்துவிட்டது. சாம்பல் நிறம். ஹால்வர் பொருத்திக் கொடுத்தார். எனக்குச் சரியாக இருக்கிறது.

அந்த வால்நட் கட்டையை எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு வாங்கினேன். ஒரு கோடை முழுக்க ஆலையில் இரண்டு ஷிப்ட் நின்று வாங்கியது. மரத்தில் புகை எழும்புவது மாதிரி ஒரு வரி ஓடும். அதைப் பார்த்துத்தான் பிடித்துப் போனது. அவன் அதைத் துணிக்கு மேல் துணி போட்டுத் துடைப்பதைப் பார்த்து எனக்கு அத்தனை பெருமை.

கோடு விட்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கழற்றி அடுப்பில் போட்டிருப்பேன். அவன் சொல்லவில்லை. மூன்று வருஷம் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாய், நீயும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டாய்.

இனி எழுதாதே.

ரக்னா


பர்ன்ஸ்
ஆகஸ்ட் 16

ரக்னா,

எழுதாதேன்னு சொன்னே. இதைப் பிரிக்காம அடுப்புல போட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா எழுதாம இருக்க முடியலை. போன கடிதாசைத் தபால்ல போட்ட கையோட, பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், திருப்பி எடுக்க முடியுமான்னு. உனக்கு எங்க வலிக்குமோ அதை மட்டும் தேடிப் பொறுக்கி எழுதியிருந்தேன். மீதியை எழுதலை. மீதி என்னோடது.

அன்னிக்குக் காலையில மூடுபனி. உச்சியில செடியெல்லாம் சொட்டச் சொட்ட. பனி விலகினதும் அண்ணன் ஒரு ஆண்மானைச் சுட்டான், நல்ல சூடு, ஒரே குண்டு. ஆனா மான் விழுந்த இடத்துல நிக்காம உருண்டு, கீழே ஒரு பாறைத் தட்டுல போய்த் தங்கிடுச்சு. நான் சொன்னேன், "விடுண்ணா, சுத்திப் போய்க் கீழேருந்து எடுத்துக்கலாம்." அவன், "நீ சுத்தி வர்றதுக்குள்ள கரடி வந்து தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிடும்"னான். துப்பாக்கியை என் கையில குடுத்துட்டு இறங்கினான். என் துப்பாக்கி மூட்டையோட உச்சியில கிடந்துது.

மான்கிட்ட போகவே இல்லை. பாதி வழியில பாசி அப்படியே கம்பளம் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. சறுக்கிப் போனான், ஒரு வேர் கால்ல தட்டி நின்னான். கீழே ஒண்ணுமில்லை, வெறும் மூடுபனி. முதல்ல சிரிச்சான் ரக்னா. "பிரிட்டாகிட்ட சொல்லித் தொலைக்காதே, ஊரெல்லாம் சொல்லிடுவா"ன்னான். நானும் சிரிச்சேன். கயிறு மூட்டையில இருந்துது, எடுத்துட்டு வரேன்னேன். "வேர் வருதுடா"ன்னான். அப்ப சிரிக்கலை.

குண்டை எடுத்துட்டு, குப்புறப் படுத்து, குழல் பக்கத்தை நான் பிடிச்சுக்கிட்டுக் கட்டையை அவன்கிட்ட நீட்டினேன். ரெண்டு கையாலயும் பிடிச்சான். இழுத்தேன். வந்தான். என் ஒரு கை நீளம் வந்தான், அவன் தாடியில தண்ணி சொட்டறது தெரிஞ்சுது. அப்புறம் நான் போக ஆரம்பிச்சேன்.

ஈரப் பாசியில குப்புறக் கிடந்தா பிடிமானமே கிடையாது. முழங்கால் சறுக்குது, பூட்ஸ் சறுக்குது. நெஞ்சு வரைக்கும் விளிம்பைத் தாண்டிட்டேன். அவன் அதைப் பாத்தான். "டோலஃப், விடு"ன்னான். மாட்டேன்னேன். "விடுடா கழுதை"ன்னான். அப்பவும் நான் விடலை, அவனும் விடலை. ரெண்டு பேரும் போய்க்கிட்டேதான் இருந்தோம். இன்னும் கொஞ்சம் போயிருந்தா நான் விட்டிருப்பேனா, அவன் விட்டிருப்பானா, எனக்குத் தெரியாது. அதை மட்டும் கேக்காதே.

கட்டை முறிஞ்சுது. பெரிய சத்தம்கூட இல்லை, அடுப்புக்குச் சுள்ளி ஒடிக்கற மாதிரி. அவன் போயிட்டான். நான் நின்னுட்டேன்.

மூணு வருஷமா நான் சொன்ன கட்டையை அவன் போட்டிருந்தா அது உடைஞ்சிருக்காது. உடையலைன்னா நானும் போயிருப்பேன். நீ வாங்கிக் குடுத்தது அவனைக் கொல்லலை ரக்னா, அந்த வேர் பேந்து வந்தப்பவே அவன் போயிட்டான். அது என்னைத்தான் பிழைக்க வச்சுது. மண்டபத்துல நீ கேட்டியே, அதுக்கு இதுதான் பதில். புருஷனுக்கு ஆசையா நீ வாங்கின பொருள் அவனை விட்டுட்டு என்னைக் காப்பாத்துச்சுன்னு உன் முகத்தைப் பாத்து நான் எப்படிச் சொல்லுவேன்? அவன் பெட்டி பக்கத்துல இருக்கறப்ப?

அதான் கப்பலேறினேன். வேற காரணம் ஒண்ணும் இல்லை.

இங்க டயர் கழட்டறப்ப சில நேரம் துருப்பிடிச்ச திருகு முறியும். முறிஞ்சா நான் வெளியே போயிடுவேன். முதலாளி நல்ல மனுஷன், ஒண்ணும் கேக்கறதில்லை.

டோலஃப்


பர்ன்ஸ்
செப்டம்பர் 30

ரக்னா,

பதில் வரலை. வரும்னு நினைக்கவும் இல்லை.

ஹால்வர் நல்லாத்தான் பொருத்தியிருப்பாரு, இருந்தாலும் ஒரு காகிதத்தை எடுத்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவுல விட்டு இழுத்துப் பாரு. கடைசி வரைக்கும் தட்டாம வரணும். பத்துப் பதினஞ்சு குண்டு சுட்டதுக்கு அப்புறம் அடியில இருக்கற திருகு ரெண்டையும் திரும்ப முறுக்கு. ஒண்ணை முழுசா முறுக்கிட்டு இன்னொண்ணுக்குப் போகாதே. இதுல கொஞ்சம், அதுல கொஞ்சம்.

மலைக்குப் போகாதே. அக்டோபர் போகட்டும், பனி விழுந்தா மான் தானே கடற்கரைக்கு இறங்கி வரும், கடல்பாசி தின்ன. கரையிலயே நின்னு சுடு. குன்வோர் தைரியசாலி, அவ ஏறலாம்பா. அவ பேச்சைக் கேக்காதே. தயவு செஞ்சு.

கிறிஸ்துமஸுக்கு முதலாளி ரெண்டு வாரம் லீவு குடுக்கறான். கப்பல்ல இடம் இருக்கு. நீ சரின்னா வரேன். பிள்ளைங்களைப் பாத்துட்டுப் போயிடறேன், தங்கறதுகூட ஹில்டா வீட்டுல தங்கிக்கறேன்.

டோலஃப்


பீட்டர்ஸ்பர்க்
நவம்பர் 20

டோலஃப்,

உன் ஆகஸ்ட் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. படித்தேன். நடுவில் நிறுத்திவிட்டு ஆலைக்குப் போய் வேலை செய்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

முதலில் எனக்கு வந்த நினைப்பு என்ன என்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். "அப்படியானால் இரண்டு பேரும் போயிருக்கலாமே" என்று நினைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நினைத்துவிட்டு, கையை ஈரத்தோடு வாயில் வைத்து மூடிக்கொண்டேன், சொன்னது வெளியே கேட்டுவிட்டது போல.

அப்புறம் மரத்தின்மேல் கோபம். அப்புறம் மானின்மேல். உன்மேல் கோபம் வந்ததற்குக் காரணம் வேறு. அவன் கடைசியாகப் பேசியது உன்னிடம். எனக்கென்று ஒன்றும் இல்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், எனக்கு ஏதாவது சொல்லியிருக்கிறானா என்று. பிரிட்டா பெயர் இருக்கிறது, உன் பெயர் இருக்கிறது. "கழுதை" இருக்கிறது. அவன் பிடித்தவர்களைத்தான் கழுதை என்பான். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவான், கதவைச் சாத்தியபிறகு. உனக்கு அது தெரிந்திருக்காது. அதை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னதில் பாதியை நான் எடுத்துக்கொண்டதற்குக் கோபப்படாதே.

மான் கிடைத்தது. அதையும் சொல்ல வேண்டும்.

பனி விழுந்த மறுநாள் குன்வோரின் படகில் போனோம். அவள் நீ சொன்ன மாதிரியே, "மேலே ஏறினாப் பெரிசா கிடைக்கும்" என்றாள். நான் கரையை விட்டு ஓர் அடி நகரமாட்டேன் என்றேன். "டோலஃப் சொல்லிக் குடுத்த பாடமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

மரங்களுக்கு நடுவிலிருந்து ஒன்று இறங்கி வந்து அலையோரத்தில் நின்று பாசியைத் தின்றது. அடிமரம் ஒன்றின்மேல் துப்பாக்கியைச் சாய்த்தேன். கட்டை குளிரில் ஐஸாக இருந்தது. கன்னத்தை வைத்தபோதுதான் தெரிந்தது, அதற்கு வாசனையே இல்லை. பழைய கட்டையில் அவன் தேய்க்கும் எண்ணெயும், அவன் புகையிலையும், அவன் கன்னமும் சேர்ந்து ஒரு வாசனை இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. நன்றாகத்தான் சுட்டேன். கண்ணை மூடவில்லை. மான் ரெண்டு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டது.

அதன் பக்கத்தில் போய் மண்டி போட்டதும் எனக்கு அழுகை வந்தது. பெரிய குரலெடுத்து, மிருகம் மாதிரி. அவன் பெட்டியை இறக்கும்போதுகூட நான் அப்படி அழவில்லை. குன்வோர் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டு, முடிகிறவரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் வந்து, "நீ காலைப் பிடி, நான் கத்தி போடறேன்" என்றாள். குடலை எடுத்துக் கழுவி இரண்டு பேருமாகப் படகில் ஏற்றினோம். இறைச்சி பாதிக்குமேல் குளிர்பெட்டியில் உறைகிறது. மீதியைத் தொத்திறைச்சி போட்டேன். கொஞ்சம் உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், புகைபோட்டதுதான், வழியில் கெடாது.

நீ உயிரோடு இருப்பது எனக்குச் சந்தோஷம். இந்த வரி வருவதற்குத்தான் நவம்பர் ஆகிவிட்டது. உண்மையாக வரட்டும் என்று காத்திருந்தேன். போன வாரம் ஒரு நாள் ஆலையிலிருந்து நடந்து வரும்போது, காரணமே இல்லாமல் வந்தது.

ஆனால் கிறிஸ்துமஸுக்கு வராதே.

காரணம் சொல்கிறேன். உன்மேல் கோபம் இல்லை. அடக்கத்தன்று காலையில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய், நினைவிருக்கிறதா? பின்படியில் ஏறி வந்தாய். மேல்படியில் நின்று பூட்ஸை உதறினாய், முதலில் இடது கால், அப்புறம் வலது. அவனும் அப்படித்தான். உங்கள் அப்பாவும் அப்படித்தான் உதறுவார் போலிருக்கிறது. ஓலே மேசைக்கு அடியில் இருந்தான். "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். நீ குனிந்து அவனைத் தூக்கினாய். உன் முகத்தைப் பார்த்தான். அழவில்லை. மெதுவாக உன் கையிலிருந்து இறங்கி, திரும்ப மேசைக்கு அடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டான். நீ அவன் கூச்சப்படுகிறான் என்று நினைத்தாய். நான் அடுப்புப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்கு வந்துதான் உன்னிடம் அப்படிக் கேட்டேன். உன்னை யாரும் கேட்கக்கூடாத கேள்வி. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஓலே ரொம்ப நாளாகப் படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கோடையிலிருந்து பார்ப்பதில்லை. யார் வந்தாலும் தன் பாட்டுக்கு விளையாடுகிறான். நல்லதுதான். இன்னும் கொஞ்ச காலம் அப்படியே இருக்கட்டும். அந்தச் சத்தம் அவனுக்கு முழுக்க மறந்துபோன பிறகு நீ வா. உன்னைச் சித்தப்பாவாகவே பார்ப்பான். எப்போது என்று நான் எழுதுகிறேன்.

ஓலேவைச் சொல்லிச் சொல்லி எழுதிவிட்டேன். முழுக்க அவனுக்காக இல்லை. நீ வந்தால், பின்படியில் ஏறி வந்து பூட்ஸை உதறுவாய். நான் உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சத்தத்தை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று எனக்கு இருக்கிறது டோலஃப். அதனால்தான் வராதே என்கிறேன்.

ரக்னா